‘கிலியோய்’: ஒரு கிரேக்க எண்ணுப்பெயரின் பொருளும் விவிலிய வழக்கும்

எண்ணுப்பெயர்கள் மொழியின் சொற்றொகுதியில் மிக நடுநிலையானவை என்று கருதப்படுவதுண்டு. அறம், அன்பு, அரசு முதலான சொற்கள் காலந்தோறும் பொருள் மாறுவன. பத்தும் நூறும் ஆயிரமும் என்றும் அவையே என்பது பொதுவான நம்பிக்கை. ஆயின் எண்ணுதல் என்பது சமூகச் செயல். எதை எண்ணுவது, யாரை எண்ணுவது, யாரை எண்ணாது விடுவது, எண்ணுகின்றவன் யார் என்னும் வினாக்கள் சமூக அமைப்போடு பிணைந்தவை. எனவே எண்ணுப்பெயருக்கும் வரலாறு உண்டு. இவ்வுண்மையை விளக்குவதற்குப் புதிய ஏற்பாட்டில் வரும் ‘கிலியோய்’ என்னும் கிரேக்கச் சொல் மிகப் பொருத்தமானதொரு சான்றாகும். ஆயிரம் என்பது அதன் பொருள். இவ்வொரு சொல்லை முன்னிட்டு முதல் நூற்றாண்டு தொடக்கம் இன்றுவரை நடந்த வாதங்கள் பல. சிந்திய இரத்தமும் சிறிதன்று.

கிறித்தவ இறையியல் இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு சொல்லின் பொருள் எவ்வாறு அதனை வழங்கிய மக்களின் வாழ்நிலையால் நிர்ணயிக்கப்படுகின்றது என்பதைக் காண்பதும், அச்சொல் தமிழுக்கு வந்தபோது அடைந்த மாற்றங்களைச் சுட்டுவதும், மருதனார்மடத்தையும் அதன் அயலையும் சார்ந்த சில வரலாற்றுச் செய்திகளுடன் அதனைப் பொருத்தி நோக்குவதுமே நாம் மேற்கொள்ளும் முயற்சியாகும்.

1. சொல்லும் அதன் உறவுகளும்

கிரேக்கத்தில் ஆயிரத்தைக் குறிக்க இரு வடிவங்கள் உள. ‘கிலியோய்’ என்பது பெயரடையாக நின்று, தான் தழுவும் பெயருக்கேற்பப் பாலும் வேற்றுமையும் கொள்ளும். ‘கிலியாஸ்’ என்பது பெயர்ச்சொல்; ஆயிரம் கொண்ட ஒரு தொகுதி என்று பொருள்படும். முன்னதிலிருந்து இரண்டாயிரம், மூவாயிரம், ஐயாயிரம் முதலியவற்றைக் குறிக்கும் கூட்டுச்சொற்கள் பிறக்கும். ஆயிரத்துக்கு மேற்பட்ட பேரெண்ணுக்குக் கிரேக்கர் வழங்கிய தனிச்சொல் ‘மூரியோய்’, அதாவது பதினாயிரம். அதுவே அசையழுத்தம் மாறிய நிலையில் ‘எண்ணற்ற’ என்னும் பொருளையும் தரும். பதினாயிரத்துக்கு அப்பால் கிரேக்க மொழிக்குத் தனி எண்ணுப்பெயர் இல்லை. ஆர்க்கிமிடீஸ் உலகை நிரப்பும் மணலைக் கணக்கிட முயன்றபோது பதினாயிரத்தைப் பதினாயிரத்தால் பெருக்கி வந்த தொகையைப் புதிய அலகாகக் கொள்ள நேர்ந்தது இக்காரணத்தாலேயே. இலக்கமும் கோடியும் அன்றாட வழக்கிலுள்ள மொழியினராகிய நமக்கு இவ்வேறுபாடு மனங்கொளத்தக்கது. இதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

சொற்பிறப்பு நோக்கில் கிலியோய் என்பது வடமொழியின் ‘சகஸ்ர’ என்பதோடு ஒரே மூலத்தையுடையது என்பது ஒப்பியன் மொழிநூலார் முடிபு. வடமொழிச் சொல்லின் முன்னுள்ள ‘ச’ ஒன்று என்னும் பொருளது. எஞ்சிய பகுதியே கிரேக்கச் சொல்லோடு ஒத்தது. தமிழின் ‘ஆயிரம்’, கன்னடத்தின் ‘சாவிர’ ஆகியனவும் இவ்வடமொழிச் சொல்லின் பாகத வடிவம் ஒன்றிலிருந்து பிறந்தன என்று திராவிட மொழியியலாளர் பலர் கொள்வர். ‘அயிர்’ என்னும் நுண்மணற் பெயரிலிருந்து ஆயிரம் பிறந்தது எனத் தனித்தமிழ் அறிஞர் கூறுவதும் உண்டு. முன்னைய கருத்தே சரியெனின், கலிலேயக் கடற்கரையில் ஐயாயிரவரை எண்ணிய சொல்லும், யாழ்ப்பாணத்துச் சந்தையில் தேங்காய் எண்ணுகின்ற சொல்லும் தொலைவான உறவினராகின்றன. வணிகமும் அரசும் பேரெண்களை வேண்டி நின்ற சமூகங்களில் அவற்றைக் குறிக்கும் சொற்கள் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குப் பெயர்தல் இயல்பே. ஒன்றுமுதல் நூறுவரை தன் சொற்களையே காத்து நின்ற தமிழ், ஆயிரத்திலும் கோடியிலும் பிறமொழித் தொடர்பைக் காட்டுவது இதனாலாகலாம்.

2. எண்ணும் சமூக அலகும்

புதிய ஏற்பாட்டின் கிரேக்கம் எபிரேயச் சிந்தனையைச் சுமந்து வருவது. எபிரேயத்தில் ஆயிரத்தைக் குறிக்கும் ‘எலெப்’ என்னும் சொல் குலம் அல்லது படைப்பிரிவு என்னும் பொருளையும் தரும்; அதனோடொத்த வடிவம் மாட்டுக்கும் வழங்கும். நியாயாதிபதிகள் நூலில் கிதியோன் தன் ‘எலெப்’ மனாசே கோத்திரத்தில் மிக எளியது என்று கூறுமிடத்தில் அது எண்ணன்று; அவனுடைய குடும்பக் கிளையாகும். எண்ணாகமத்தின் முதலாம் அதிகாரம் தரும் 603,550 என்னும் தொகை வரலாற்று நிலைமைக்குப் பொருந்தாத அளவு பெரிதாயிருப்பதை விளக்க முயன்ற ஆய்வாளர் சிலர், அங்கு வரும் எலெப் என்பது ஆயிரம் பேரன்று, ஒவ்வொரு கிளையும் போருக்கு அனுப்பிய சிறு பிரிவே என்று வாதித்துள்ளனர். மெண்டன்ஹால் 1958இல் எழுதிய கட்டுரை இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. இனக்குழுச் சமுதாயத்தின் உறவுமுறை அலகு, அரசுருவாக்கத்தின் பின்னர் எண்ணிக்கை அலகாக இறுகியதை இச்சொல்லின் இருபொருள் காட்டுகின்றது.

மீகா நூலில் பெத்லகேம் யூதாவின் ‘ஆயிரங்களில்’ சிறியது எனப்படுகின்றது. கிரேக்க மொழிபெயர்ப்பாகிய செப்துவசிந்தம் இதனைக் கிலியாஸ் என்னும் சொல்லால் நேரே பெயர்த்தது. ஆனால் மத்தேயு நற்செய்தி அதே தொடரை எடுத்தாளும்போது ஆயிரங்களை நீக்கித் தலைவர்களை வைத்துள்ளது. தமிழ் வேதாகமத்தின் பழைய திருப்புதலிலும் மீகாவில் ‘ஆயிரங்கள்’ என்றும் மத்தேயுவில் ‘பிரபுக்கள்’ என்றும் காணலாம். குலம் எண்ணாகி, எண் தலைவனாகிய வரலாறு ஒரே மேற்கோளின் இரு வடிவங்களுக்குள் அடங்கியிருக்கின்றது.

எண் ஒரு குழுவின் பெயராதல் கிரேக்க உலகிலும் உண்டு. றேகியம், லோக்றி முதலான தென்னித்தாலியக் கிரேக்க நகரங்களில் ஆட்சிசெய்த செல்வர் அவை ‘ஆயிரவர்’ எனப்பட்டது. ஆயிரவர் என்றால் எண்ணிக்கையில் ஆயிரம் பேர் என்பதைவிட, உடைமையால் ஆளத் தகுதிபெற்றோர் என்பதே கருத்து. தமிழ் வரலாறு அறிந்தோர்க்கு இது புதிதன்று. தில்லை மூவாயிரவர், நாற்பத்தெண்ணாயிரவர், திசையாயிரத்து ஐஞ்ஞூற்றுவர் ஆகிய பெயர்களை நாம் அறிவோம். ஐஞ்ஞூற்றுவர் என்னும் வணிகக் கணத்தின் சாசனங்கள் ஈழத்தில் பதவியா, வாகல்கடை முதலிய இடங்களிலும் கிடைத்துள்ளன. இக்கணத்தினரை ஒருவர் ஒருவராக எண்ணி ஐந்நூறு காண முற்படுதல் பேதைமை. எண் இங்கு ஒரு நிறுவனத்தின் பெயராகும்.

இவ்வடியாகப் பிறந்த இன்னொரு சொல் ‘கிலியார்க்கோஸ்’, அதாவது ஆயிரத்தலைவன். பாரசீக அரசிலும் அலெக்சாந்தரின் அரசிலும் உயர்பதவியைக் குறித்த இச்சொல், உரோமர் காலத்தில் படையின் ‘திரிபூன்’ என்னும் அதிகாரிக்குக் கிரேக்கப் பெயராயிற்று. அப்போஸ்தலர் நடபடிகளில் பவுலைக் கைதுசெய்யும் கிலவுதியு லீசியா இத்தகைய ஒருவன். உரோமக் குடியுரிமையைப் பெருந்தொகை கொடுத்து வாங்கியதாக அவனே கூறுகின்றான். பேரரசின் அதிகாரம் பணத்தால் வாங்கப்படுவது என்பதை அந்நூலின் ஆசிரியர் ஒளிக்கவில்லை. பழைய திருப்புதல் அவனைச் ‘சேனாபதி’ என்கின்றது. யோவான் நற்செய்தியில் இயேசு கைதாகும் இடத்திலோ ஆயிரம் வீரர்க்குத் தலைவன் என்னும் நேர்ப்பொருள் காக்கப்பட்டுள்ளது. சேனாபதி என்ற சொல் தமிழ் வாசகனுக்கு அரசகாவியங்களை நினைவூட்டும். ஆக்கிரமிப்புப் படையின் ஓர் அதிகாரியை நினைவூட்டாது.

3. நற்செய்தி நூல்களில் எண்ணப்படுவோர்

நற்செய்தி நூல்களில் ஆயிரம் வரும் இடங்களுள் மிகப் பரிச்சயமானது ஐந்து அப்பங்களை ஐயாயிரவர் உண்ட நிகழ்ச்சியாகும். மாற்கு அவர்களை ஆடவர் என்று குறிப்பர். நூறு நூறாகவும் ஐம்பது ஐம்பதாகவும் அமர்ந்தனர் என்பர். யாத்திராகமத்தில் மோசே மக்களைப் பகுத்த முறையும், படை அணிவகுப்பும் இதில் நிழலாடுகின்றன. அக்கூட்டத்தினர் இயேசுவைப் பிடித்து அரசனாக்க முயன்றனர் என்று யோவான் கூறுவதும் இதனோடு இயையும். பெண்களும் பிள்ளைகளும் இத்தொகையுள் அடங்கார் என்று மத்தேயு தெளிவாகவே சொல்லிவிடுகின்றார். உண்டவர் பலர், எண்ணப்பட்டவர் சிலர். தந்தைவழிச் சமூகத்தில் எண் என்பது ஆயுதம் ஏந்தக்கூடியோரின் தொகையே என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டியதில்லை.

நடபடிகள் நூலின் நான்காம் அதிகாரமும் ஐயாயிரம் ஆடவர் என்றே கூறும். ஆனால் அதே நூலின் இரண்டாம் அதிகாரம் மூவாயிரம் ‘உயிர்கள்’ சேர்க்கப்பட்டன என்கின்றது. அச்சமூகத்தார் உடைமைகளைப் பொதுவாக அனுபவித்தனர் என்னும் செய்தி அதே அதிகாரத்திலேயே தொடர்ந்து வருகின்றது. ஆடவரை எண்ணுவதற்கும் உயிர்களை எண்ணுவதற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. உடைமை பொதுவாகும் இடத்தில் எண்ணிக்கையின் அலகும் விரிகின்றது எனலாம்.

பணத்தொகைகளில் வரும் பேரெண்களும் நோக்கத்தக்கன. மத்தேயுவின் 18ஆம் அதிகாரத்து உவமையில் ஓர் ஊழியன் அரசனுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கின்றான். ஒரு தாலந்து 6,000 தெனாரி. ஒரு தெனாரி ஒருநாட் கூலி. ஆகவே கடன் ஆறு கோடி நாட்கூலியாகும். ஏரோது அந்திப்பாவுக்குக் கலிலேயாவும் பெரேயாவும் ஆண்டொன்றுக்கு 200 தாலந்து இறுத்தன என யோசேப்பு என்னும் வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார். உவமையிற் கூறப்பட்ட கடன் அந்நாட்டின் ஐம்பதாண்டு வருவாய்க்குச் சமமாகின்றது. மறுபுறம், அவ்வூழியனுக்குச் சக ஊழியன் தரவேண்டியது நூறு தெனாரி மட்டுமே. கிரேக்க மொழியின் மிகப் பெரிய எண்ணும் அக்காலத்தின் மிகப் பெரிய நாணய அலகும் இங்கு இணைக்கப்பட்டுள்ளன. கேட்போர் இத்தொகையைக் கணக்கிட்டிருக்கமாட்டார்கள். ஆனால் வரியும் கடனும் நிலத்தை விழுங்கிய ஒரு நாட்டில், மேலிருப்போர் கணக்குக்கும் கீழிருப்போர் கணக்குக்கும் உள்ள தூரத்தை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

4. ஆயிரம் ஆண்டு

புதிய ஏற்பாட்டில் கிலியோய் என்னும் பெயரடை பதினொரு முறை வருகின்றது. இரண்டு, பேதுருவின் இரண்டாம் நிருபத்தில் உள்ளன. எஞ்சிய ஒன்பதும் வெளிப்படுத்தின விசேஷத்திற்குரியன. அவ்வொன்பதில் ஆறு 20ஆம் அதிகாரத்தின் ஆறு வசனங்களில் அடுத்தடுத்து வருகின்றன. சாத்தான் ஆயிரம் ஆண்டு கட்டப்படுவதும், தலைவெட்டுண்டோர் உயிர்த்தெழுந்து ஆயிரம் ஆண்டு ஆளுவதும் அங்கு கூறப்படும் செய்தி.

இவ்வாயிரத்தைத் தனியே எடுத்துப் பொருள் காண்பது தவறான முறையாகும். அந்நூலின் ஏனைய எண்களோடு வைத்தே அதனைப் படித்தல் வேண்டும். பஞ்சகாலத்தில் ஒருநாட் கூலிக்கு ஒருபடி கோதுமையே கிடைக்கும் என்று அதன் ஆறாம் அதிகாரம் விலை சொல்கின்றது. பதின்மூன்றாம் அதிகாரம் மிருகத்தின் முத்திரை இன்றி எவரும் வாங்கவோ விற்கவோ முடியாதென்கின்றது. பதினெட்டாம் அதிகாரம் உரோமாபுரியின் இறக்குமதிச் சரக்குகளை வரிசைப்படுத்துகின்றது: பொன், வெள்ளி, முத்து, தந்தம், வாசனைப்பொருள் எனத் தொடங்கி, இறுதியில் மனித உடல்களும் உயிர்களும், அதாவது அடிமைகளும், வருகின்றனர். அவ்வணிகத்தில் தமிழ்க்கரைக்கும் பங்குண்டு. இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்தர்ஸ் பணத்தை ஈர்த்துக்கொள்கின்றது என்று முதல் நூற்றாண்டினரான பிளினி முறையிட்டார். முசிறியிலிருந்து சென்ற ‘எர்மபொல்லன்’ என்னும் கப்பலின் சரக்குக் கணக்கு 1985இல் வெளியிடப்பட்ட பாப்பிரசு ஏட்டினால் தெரியவந்துள்ளது. நமது கடற்கரையில் ஏற்றப்பட்ட முத்தும் தந்தமும் போய்ச் சேர்ந்த நகரத்தைப் பற்றியே வெளிப்படுத்தின விசேஷம் பேசுகின்றது.

அந்நூல் ஆயிரத்தலைவர்களையும் மறக்கவில்லை. அரசர், பெரியோர், ஆயிரத்தலைவர், செல்வர், வலியோர் என ஆறாம் அதிகாரம் ஒரு வர்க்கப் பட்டியலைத் தந்து, அவர்கள் குகைகளில் ஒளிவதைக் காட்டுகின்றது. பத்தொன்பதாம் அதிகாரத்தில் பறவைகள் ஆயிரத்தலைவரின் தசையைத் தின்ன அழைக்கப்படுகின்றன. இதன் பின்னரே ஆயிரம் ஆண்டு வருகின்றது. அது வழங்கப்படுவதும் வெட்டுண்டோர்க்கே. படையின் அலகாயிருந்த ஆயிரம், படையால் கொல்லப்பட்டோரின் காலமாக மாறுகின்றது. சொல்லின் பொருள் தலைகீழாக்கப்பட்டுள்ளது எனல் தகும்.

இன்னொன்றும் ஈண்டு வற்புறுத்தப்படவேண்டும். என்றென்றைக்கும் என்று சொல்ல அந்நூலாசிரியரிடம் வேறு தொடர் இருந்தது. யுகங்களின் யுகங்கள் என்னும் பொருள்படும் அத்தொடரை 22ஆம் அதிகாரத்தில் நித்திய ஆட்சிக்கு அவர் வழங்கியும் உள்ளார். ஆயிரம் ஆண்டுக்கோ தொடக்கமும் முடிவும் உண்டு. நித்தியம் வானுலகுக்குரியது, எண்ணக்கூடிய ஆண்டுகள் வரலாற்றுக்குரியன. எண்ணைத் தேர்ந்ததனால் அவ்வாசிரியர் நீதியை இவ்வுலகக் காலத்தினுள் வைத்தார். பிற்காலச் சர்ச்சைகள் யாவும் இத்தேர்வின் விளைவுகளே.

இதற்கு மாறானது பேதுருவின் நிருபத்தில் உள்ள வழக்கு. வாக்களிக்கப்பட்ட வருகை எங்கே என்று கேட்போர்க்கு விடையாக, ஒருநாள் ஆயிரமாண்டு போலும் ஆயிரமாண்டு ஒருநாள் போலும் என்னும் பழைய சங்கீதக் கருத்து அங்கு எடுத்தாளப்படுகின்றது. இங்கு ஆயிரம் அளவையைக் கரைக்கும் கருவி. ஒரே நூற்றொகுதிக்குள் ஒரே சொல் ஓரிடத்தில் எதிர்பார்ப்பை மூட்டுகின்றது. பிறிதோரிடத்தில் அதனைத் தணிக்கின்றது. விவிலிய வழக்கு ஒருமுகமானது என்று கொள்வோர் இம்முரணை எதிர்கொள்ளல் வேண்டும்.

5. பொருள்மாற்றமும் திருச்சபையும்

முதல் மூன்று நூற்றாண்டுகளில் பப்பியாஸ், யுஸ்தீன், இரேனேயு முதலியோர் ஆயிரமாண்டை நேர்ப்பொருளில் கொண்டனர். கிலியோய் என்பதிலிருந்தே இக்கொள்கை ‘கிலியாசம்’ எனப் பெயர் பெற்றது. பப்பியாசின் மரபாக இரேனேயு கூறுவது சுவையானது: வருங்காலத்தில் ஒவ்வொரு கொடியும் பதினாயிரம் கிளைகளும், ஒவ்வொரு கிளையும் பதினாயிரம் கொம்புகளும் விட்டுக் கனியுமாம். பாரூக்கின் பெயரிலமைந்த யூத நூலிலும் இத்தகைய கணக்கு ஆயிரங்களால் சொல்லப்பட்டுள்ளது. இது பசித்த உழவனின் எண்கணிதம். ஒருநாட் கூலிக்கு ஒருபடி தானியம் பெற்றவன் காணும் கனவுக்கு இவ்வெண்கள் மிகையல்ல.

மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் அர்சினோயி மாவட்டக் கிராமங்களில் இக்கொள்கை வேரூன்றியிருந்தது. அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனீசியு அங்கு சென்று கிராமக் குருமாரோடும் ஆசிரியரோடும் மூன்றுநாள் வாதித்து அவர்களை மாற்றியதாக யூசேபியு எழுதியுள்ளார். கிராமத்தின் நேர்ப்பொருளும் நகரத்தின் குறியீட்டுப் பொருளும் மோதிய நிகழ்ச்சியாக இதனைக் கொள்ளலாம். நான்காம் நூற்றாண்டில் கொன்ஸ்தந்தீன் திருச்சபையை அரவணைத்தபின் நிலைமை முற்றாக மாறிற்று. பேரரசின் வீழ்ச்சியை எதிர்பார்த்த நூல், பேரரசின் சமயத்திற்கு இடையூறாயிற்று. அகுஸ்தீன் ‘கடவுளின் நகரம்’ என்னும் நூலின் இருபதாம் பாகத்தில், ஆயிரம் என்பது பத்தின் கனம் ஆதலால் முழுமையின் குறியீடு என்றும், அவ்வாயிரம் ஆண்டு திருச்சபையின் நிகழ்காலமே என்றும் விளக்கினார். வரவேண்டிய நீதி வந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. சொல் மாறவில்லை, அதனை வழங்கியோரின் வர்க்க நிலை மாறியது.

எனினும் அடக்கப்பட்ட பொருள் அழியவில்லை. 1525இல் செருமனியின் குடியானவர் போரில் தோமஸ் முன்ட்சர் அதனை மீண்டும் எழுப்பினார். அப்போர் ஒடுக்கப்பட்டது, 1530இன் அவுக்சுபேர்க் அறிக்கை இத்தகைய கொள்கையைக் கண்டித்தது. ஏங்கெல்ஸ் 1850இல் முன்ட்சரைப் பற்றியும், 1883இலும் 1894-95இலும் வெளிப்படுத்தின விசேஷத்தைப் பற்றியும் எழுதியமை தற்செயலன்று. தொடக்கக் கிறித்தவம் அடிமைகளினதும் வறியோரினதும் இயக்கம் என்றும், மிருகத்தின் எண்ணாகிய 666 நீரோவின் பெயர் என்றும் அவர் விளக்கினார். அவர் நூலின் காலத்தை 68ஆம் ஆண்டையொட்டி வைத்தார். இன்றைய ஆய்வாளருட் பெரும்பாலோர் தொமீசியன் காலத்து இறுதியில் வைப்பர். தொடக்கச் சபைகளில் கைவினைஞரும் சிறுவணிகரும் கணிசமாக இருந்தனர் என்பதும் பின்னைய ஆய்வுகளால் தெளிவாகியுள்ளது. இத்திருத்தங்களால் அவரது அடிப்படை நோக்குத் தளரவில்லை. எறிக் கொப்ஸ்போம் 1959இல் எழுதிய ‘ஆதிக் கிளர்ச்சியாளர்’ என்னும் நூல் இந்நோக்கைப் பிற மக்களியக்கங்களுக்கு விரித்தது.

தமிழ்நிலத்திலும் ஒப்புமைகள் உள. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தென்திருவிதாங்கூரில் ஐயா வைகுண்டரை மையமாகக் கொண்டு எழுந்த இயக்கம், கலியுகம் அழிந்து தருமயுகம் வருமெனக் கூறியது. சாதிக்கொடுமைக்கும் ஊழிய வரிக்கும் உட்பட்ட மக்களே அதன் அடித்தளம். அந்நூற்றாண்டின் பிற்பாதியில் திருவிதாங்கூரில் யுயோமயம் என்னும் கிறித்தவப் பிரிவு 1881இல் கிறித்துவின் வருகையை எதிர்பார்த்தது. இவற்றின் மூலங்கள் வேறு, நிலைமைகள் ஒத்தவை.

6. தமிழ் மொழிபெயர்ப்பில் ஆயிரம்

தமிழ் வேதாகமத்தின் வரலாறு யாழ்ப்பாணத்தை விட்டு எழுதப்படக்கூடியதன்று. பீற்றர் பேர்சிவல் பாதிரியாருடன் ஆறுமுக நாவலர் பணியாற்றியதும், அதன்வழி 1850இல் மொழிபெயர்ப்பு வெளிவந்ததும், அது ஏற்பின்றிப் போக 1871இன் திருப்புதல் நிலைபெற்றதும் பலரும் அறிந்தவை. யாழ்ப்பாணப் பேராயர் சபாபதி குலேந்திரன் 1967இல் வெளியிட்ட ‘கிறிஸ்தவ தமிழ் வேதாகமத்தின் வரலாறு’ இத்துறையின் முதன்மையான நூலாகும். நாம் இங்கு எண்களை மட்டும் நோக்குவோம்.

முதலாவது, தமிழின் எண்முறை சில இடங்களில் கிரேக்கத்தினும் தெளிவானது. வெளிப்படுத்தின விசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரம் குதிரைப்படையின் தொகையைப் பதினாயிரங்களின் பதினாயிரம் இருமடங்கு என்று சுற்றிவளைக்கின்றது. தமிழ் ‘இருபது கோடி’ என ஒரே சொற்றொடரில் முடித்துவிடுகின்றது. கணக்கு மிகச் சரியானது. ஆனால் எண்ணி முடியாமையின் திகைப்புத் தமிழில் இல்லை. கோடி நமக்குக் கணக்கப்பிள்ளையின் சொல்.

இரண்டாவது, அதே தெளிவு சிலவிடங்களில் அமைப்பை மறைக்கின்றது. ஏழாம் அதிகாரத்தில் முத்திரையிடப்பட்டோரைக் கிரேக்கம் ‘நூற்று நாற்பத்து நான்கு ஆயிரங்கள்’ என்கின்றது. பன்னிரண்டைப் பன்னிரண்டாற் பெருக்கி ஆயிரத்தால் பெருக்கிய தொகை என்பது கேட்ட அளவிலேயே விளங்கும். கோத்திரத்துக்குப் பன்னீராயிரம் என வரும் இக்கணக்கு எண்ணாகமத்தின் படைக்கணக்கை ஒத்தது. தமிழில் அது ‘இலட்சத்து நாற்பத்து நாலாயிரம்’ ஆகும்போது நூற்று நாற்பத்து நான்கு என்னும் எண் உடைந்து, பன்னிரண்டின் நினைவு மறைகின்றது. பிழை மொழிபெயர்ப்பாளருடையதன்று, இலக்கம் என்னும் அலகைக் கொண்ட மொழியின் இயல்பு அது.

மூன்றாவது, யூதாவின் நிருபத்திலும் நடபடிகளின் 21ஆம் அதிகாரத்திலும் கிரேக்கம் பதினாயிரங்கள் என்று கூறுவதைத் தமிழ் ஆயிரங்களாகத் தந்துள்ளது. இதற்குக் காரணம் எளிது. தமிழில் எண்ணற்றவை என்னும் பொருளைத் தருவது ஆயிரமேயன்றிப் பதினாயிரமன்று. திருமணத்தை ஆயிரங்காலத்துப் பயிர் என்போமேயன்றிப் பதினாயிரங்காலத்துப் பயிர் என்பதில்லை. மூரியோய் என்பதன் இரட்டைப் பொருளைத் தமிழில் ஆயிரமே சுமக்கின்றது. விளைவாக, வெளிப்படுத்தின விசேஷத்தின் ஆயிரம் ஆண்டையும் தமிழ் வாசகன் ‘நெடுங்காலம்’ என்று வாசிக்க மொழியே இடமளித்துவிடுகின்றது. அகுஸ்தீன் பல பக்கங்களில் வாதித்துப் பெற்ற பொருளைத் தமிழ் தன் வழக்காறொன்றினாலேயே வழங்குகின்றது.

7. மருதனார்மடமும் மூன்று வாசிப்புகளும்

சொல்லின் பொருள் நூலில் மட்டும் உறைவதன்று, நிறுவனங்களிலும் உறைவது. மருதனார்மடத்தையும் அதனையடுத்த உடுவிலையும் நோக்கும்போது ‘வரவிருக்கும் ஆட்சி’ என்னும் கருத்தின் மூன்று வாசிப்புகள் குறுகிய நிலப்பரப்பில் அருகருகே நிற்கக் காண்கின்றோம்.

முதலாவது அமெரிக்க மிசனின் வாசிப்பு. 1816இல் வந்த மிசனரிமார் நியூ இங்கிலாந்தின் சமய எழுச்சியிற் பிறந்தோர். 1793இல் ஆயிரமாண்டு பற்றித் தனிநூல் எழுதிய சாமுவேல் கொப்கின்சின் சிந்தனை அவ்வெழுச்சியில் ஊறியிருந்தது. ஆயிரமாண்டு திடீரெனப் புரட்சியாக வருவதன்று. நற்செய்தியும் கல்வியும் பரவப் படிப்படியாக மலர்வது என்பது அச்சிந்தனை. 1823இன் வட்டுக்கோட்டைச் செமினறி, 1824இன் உடுவில் மகளிர் பாடசாலை, 1841இன் உதயதாரகை ஆகியவற்றை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளலாம். பெண்களை எண்ணாத ஐயாயிரத்தின் கதையைப் பெண்கள் எழுத்துக்கூட்டி வாசிக்கும் நிலையை அப்பாடசாலை உருவாக்கியது. இது முற்போக்கானது. அதேவேளை, காலனித்துவ அமைப்பினுள் படிப்படியாக மலரும் நீதி என்பது அவ்வமைப்பைக் கேள்விக்குட்படுத்தாத நீதியுமாகும்.

இரண்டாவது சேர் பொன்னம்பலம் இராமநாதனின் வாசிப்பு. 1913இல் மருதனார்மடத்தில் சைவப் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியை நிறுவிய அவர், அதற்கு முன்னர் 1898இல் மத்தேயு நற்செய்திக்கும் 1902இல் யோவான் நற்செய்திக்கும் பரானந்தர் என்னும் பெயரில் ஆங்கில விளக்கவுரைகள் வெளிவரச் செய்திருந்தார். இறையரசை அகத்தின் அனுபவ நிலையாகக் காணும் யோக நெறி விளக்கம் அது. ஐரோப்பியரின் நூலை அவர்களுக்கே கீழைத்தேய நோக்கில் விளக்கிய அத்துணிவு காலனித்துவச் சூழலில் மதிக்கத்தக்கது. ஆயின் அரசு அகத்துள் அமையும்போது ஆண்டுக்கணக்குக்கு வேலையில்லை. டொனமூர் ஆணைக்குழுவின் காலத்தில் சர்வசன வாக்குரிமையை இராமநாதன் எதிர்த்தார் என்பதையும் இதனோடு சேர்த்தே எண்ணுதல் வேண்டும். அவர் 1930இல் மறைந்தார். 1931இல் அவ்வுரிமை நடைமுறைக்கு வந்தது. சாதியும் பாலும் உடைமையும் நோக்காது தலைக்கொன்றாக எண்ணும் முறை அன்றுதான் இந்நாட்டிற்கு வந்தது. எண்ணப்படுதல் என்பது அகவயமான செய்தியன்று.

மூன்றாவது 1939இல் மருதனார்மடத்தில் தோன்றிய கிறிஸ்த சேவாச்சிரமத்தின் வாசிப்பு. மேனாட்டு மிசன் முறையை விடுத்து, இந்நாட்டு ஆச்சிரம மரபில் எளிமையையும் குழுவாழ்வையும் நெறியாகக் கொண்ட முயற்சி அது. நடபடிகள் நூலின் பொதுவுடைமைச் சமூகத்தை நினைவூட்டும் இத்தகைய வாழ்வு, வரவேண்டியதைச் சிறு அளவில் இப்போதே வாழ்ந்துகாட்ட முயல்வது. அதன் எல்லையும் அச்சிறுமையேயாகும். சுற்றிலுமுள்ள நில உறவுகளையும் சாதியமைப்பையும் ஓர் ஆச்சிரமம் மாற்றிவிட முடியாது.

இம்மூன்றிலும் அடங்காத நான்காவது குரலும் உண்டு. 1966ஆம் ஆண்டு ஒக்ரோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கித் தீண்டாமைக்கெதிரான ஊர்வலம் புறப்பட்டது, காவற்றுறையினர் அதனைத் தாக்கினர், ஊர்வலம் நிற்கவில்லை. மருதனார்மடம் அவ்விரு இடங்களுக்கும் இடையே, காங்கேசன்துறை வீதியில் உள்ளது. அதில் சென்றோர் ஆயிரமாண்டைப் பற்றிப் பேசவில்லை; கோயிற் கதவையும் தேநீர்க்கடைக் குவளையையும் பற்றியே பேசினர். எனினும் நீதியை எண்ணக்கூடிய காலத்துக்குள், தம் வாழ்நாளுக்குள், அவர்கள் கேட்டனர். அவ்வகையில் வெளிப்படுத்தின விசேஷத்தின் ஆயிரத்துக்கு அகுஸ்தீனைவிட அவர்களே அணுக்கமானவர்கள் எனக் கூறுதல் மிகையாகாது.

முடிவுரை

இதுவரை கூறியவற்றால் சில முடிவுகள் பெறப்படும். கிலியோய் என்னும் சொல் அளவு குறித்தது மட்டுமன்று. குலம், படை, ஆளும் அவை, காலம் ஆகியவற்றின் பெயராகவும் இயங்கியது. விவிலியத்தில் அதன் வழக்கு ஒன்றன்று. எண்ணுவோரின் ஆயிரமும் எண்ணப்படாதோரின் ஆயிரமும் அங்கு முரண்பட்டு நிற்கின்றன. அச்சொல்லைக் குறியீடாகக் கொள்வதா நேர்ப்பொருளிற் கொள்வதா என்னும் வினா இலக்கணத்தால் மட்டும் தீர்க்கப்பட்டதன்று. திருச்சபை அதிகாரத்தோடு கொண்ட உறவு மாறியபோதெல்லாம் விடையும் மாறியது. தமிழில் அச்சொல் புகுந்தபோது நம் எண்முறையும் மரபுத்தொடர்களும் அதன் பொருளைச் சிலவிடங்களில் துலக்கியும் சிலவிடங்களில் மறைத்தும் உள்ளன.

வெளிப்படுத்தின விசேஷத்தின் ஏழாம் அதிகாரம் முத்திரையிடப்பட்ட நூற்று நாற்பத்து நான்கு ஆயிரங்களை எண்ணி முடித்தவுடன், சகல இனத்தவரும் மொழியினரும் அடங்கிய, ஒருவராலும் எண்ண முடியாத ஒரு கூட்டத்தைக் காட்டுகின்றது. எண்ணிக்கைக்குள் அடங்கியோரின் பட்டியல் அங்கு முடிகின்றது, எண்ணப்படாதோர் வருகின்றனர். பிறமொழி நூல்களைத் தமிழில் ஆராய்வோர் அவற்றின் எண்களைக் கடந்து செல்லாது, யார் எண்ணினர், யாரை விட்டனர் என்று வினவுவாராயின் நமது மொழிபெயர்ப்பிலக்கிய ஆய்வும் சமூகவரலாற்று ஆய்வும் ஒருங்கே பயன்பெறும்.